மரத்துக்குள் மதில் கண்டவர்

பிற உயிர்களை அறிய முற்பட்ட மனிதன் பெரும்பாலும் தன் உடம்பையே அளவுகோலாகக் கொண்டான். மரத்தில் விழுந்த வெட்டைப் ‘புண்’ என்றான். வெட்டுவாயைச் சுற்றி நாளடைவில் உருண்டு திரளும் விளிம்பைக் கண்டு ‘புண் ஆறுகிறது’ என்றான். ஆறும் புண்ணுக்கு மருந்திடுவது இயல்பாதலின் வெட்டுவாயில் களிம்பு பூசினான். பொந்து விழுந்த மரத்துக்கு, சொத்தைப் பல்லை அடைப்பது போலச் சிமெண்டு அடைத்தான். அன்பினால் செய்யப்பட்ட இந்த மருத்துவம் மேலை நாடுகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. மரத்துக்குப் புண் ஆறுவதில்லை என்பதையும், அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி முற்றிலும் வேறு என்பதையும், மனிதன் செய்த மருத்துவங்களிற் பல அவ்வழியைத் தடுத்தன என்பதையும் மரத்தையே சான்றாக நிறுத்தி மெய்ப்பித்தவர் அமெரிக்க மரநோய் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006). அவர் ஆற்றிய பணியின் வரலாறு, ஓர் ஒப்புமை வீழ்ந்த வரலாறும் ஆகும்.

சாணமும் சிமெண்டும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய அரண்மனைத் தோட்டங்களை மேற்பார்த்தவர் வில்லியம் ஃபார்சைத். பசுஞ்சாணம், பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரை, மரச் சாம்பல், ஆற்று மணல் ஆகியவற்றைக் குழைத்து அவர் ஒரு பூச்சைச் செய்தார். இற்றுப்போன பகுதியைச் சுரண்டிவிட்டு இதைப் பூசினால் மரம் மீண்டும் முழுமை பெறும் என்பது அவர் கூற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் முருங்கைக் கொம்பை நட்டபின் அதன் வெட்டு நுனியில் சாணம் அப்புவதுண்டு. ஆனால் அது வெட்டுவாய் காய்ந்துவிடாமல் காக்கும் எளிய உத்தி மட்டுமே. ஃபார்சைத் கூறியதோ அதனினும் பெரியது. போர்க் கப்பல்கள் ஓக் மரத்தால் கட்டப்பட்ட காலம் அது. பழுதான ஓக் மரங்களை மீட்கலாம் என்னும் சொல் நாட்டின் பாதுகாப்பையே தொட்டது. ஆகவே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவருக்கு 1,500 பவுன் வழங்கியது. 1791இல் அவர் மரநோய்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தாவர ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் அப்பூச்சின் ஆற்றலை வெளிப்படையாக ஐயுற்றார். எனினும் ‘பூசினால் ஆறும்’ என்னும் நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஹார்ட்டிக் (1839–1901) மரநோயியலை அறிவியலாக நிலைநிறுத்தினார். இற்றுப்போன மரத்திலிருந்து பூஞ்சைகள் தாமே தோன்றுகின்றன என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், பூஞ்சையே மரத்தை இறச் செய்கிறது என்று அவர் காட்டினார். மரத்தின் உட்பகுதியில் ஓடும் நுண்ணிழைகளும் பட்டைக்கு வெளியே தோன்றும் காளானும் ஒரே உயிரின் இரு பகுதிகள் என்பது அவர் ஆய்வினால் தெளிவாயிற்று. மரநோய்கள் பற்றிய அவருடைய பாடநூல் 1882இல் வெளிவந்தது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன்வழி வளர்ந்த கோட்பாட்டில் ஒரு குறை தங்கிவிட்டது. அதன்படி, காயம் திறக்கிறது, பூஞ்சை நுழைகிறது, நடுமரம் இற்றுப்போகிறது. மரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மரத்தின் நடுவிலுள்ள உறுதிப் பகுதியைத் தமிழ் காழ் என்றும் வயிரம் என்றும் வழங்கும். காழ் அகத்தே உள்ளதா, புறத்தே உள்ளதா என்பதைக் கொண்டே தொல்காப்பிய மரபியல் மரத்தையும் புல்லையும் வேறுபடுத்தியது. இந்த வயிரம் உயிரற்ற பொருள், எதிர்வினை ஆற்றாதது என்பதே மேலை மரநோயியலின் அடிப்படை எண்ணமாக நெடுங்காலம் இருந்தது. உயிரற்ற பொருள் தன்னைக் காத்துக்கொள்ளாது. எனவே மனிதன்தான் காக்க வேண்டும் என்பது இயல்பாகவே பெறப்பட்ட முடிவு.

அம்முடிவைத் தொழிலாக மாற்றியவர்களுள் தலையாயவர் ஜான் டேவி. 1846இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்து, 1873இல் அமெரிக்காவில் குடியேறிய இவர் 1901இல் ‘மர மருத்துவர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். 1909இல் ஓஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் மரம் பேணும் நிறுவனத்தை முறையாக அமைத்தார். சாலை மரங்களையும் பூங்கா மரங்களையும் கேட்பாரற்று வெட்டிச் சாய்த்த ஒரு நாட்டில், மரமும் பேணத்தக்க உயிர் என்னும் உணர்வை விதைத்த பெருமை அவருக்கு உண்டு. அத்தொழிலின் அன்றைய முறைகள் மூன்று. பொந்திலுள்ள இற்ற பகுதியை நல்ல மரம் தென்படும்வரை செதுக்கியெடுத்துச் சிமெண்டு நிரப்புவது ஒன்று. வெட்டுவாயில் தார் போன்றவற்றைப் பூசுவது மற்றொன்று. கிளையை நீக்கும்போது அடிமரத்தோடு ஒட்ட, வழவழப்பாக அறுப்பது மூன்றாவது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மரத் தொழிலாளர் இவற்றையே கற்றனர்.

எஃகு நகரிலிருந்து காட்டுக்கு

அலெக்ஸ் ஷைகோ 1930 மே 8 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்குக்கு அருகிலுள்ள டுகேன் என்னும் எஃகு ஆலை நகரில் பிறந்தார். கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படையில் பணியாற்றினார். பின்னர் வேன்ஸ்பர்க் கல்லூரியில் உயிரியல் பயின்று, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாவர நோயியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1959இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அத்துறையின் வடகிழக்கு வன ஆய்வு நிலையத்தைச் சார்ந்து, 1985இல் ஓய்வு பெறும்வரை பணிபுரிந்தார்.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சிக்கல், முதலில் வணிகச் சிக்கலே. வடகிழக்கு அமெரிக்கக் காடுகளின் மேப்பிள், பிர்ச் மரங்களை அறுத்தால், வெண்மையாக இருக்க வேண்டிய உட்பகுதி பழுப்பாகவும் பச்சையாகவும் நிறம் மாறியிருக்கும். சில இடங்களில் இற்றுப்போயிருக்கும். பலகையின் மதிப்பு வீழ்ந்துவிடும். இந்த நிறமாற்றம் எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்று கண்டறிவதே ஷைகோவின் கடமை.

நெடுக்கில் அறுத்த மரம்

ஷைகோவின் வெற்றிக்கு ஒரு கருவியும் துணை நின்றது. ஒருவரே கையாளக்கூடிய எடை குறைந்த இயந்திர ரம்பம் அக்காலத்தில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன்னிருந்த ஆய்வாளர் கோடரியாலும் கைரம்பத்தாலும் மரத்தைப் பெரும்பாலும் குறுக்கேதான் வெட்டிப் பார்க்க முடிந்தது. குறுக்கு வெட்டு, ஓர் உயரத்தில் மரம் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். காயத்திலிருந்து நோய் மேலும் கீழும் எவ்வாறு சென்றது என்பதைக் காட்டாது. ஷைகோ அடிமரத்தை நெடுக்கில் பிளந்தார். தம் பணிக்காலத்தில் 15,000க்கும் மேற்பட்ட மரங்களை அவர் இவ்வாறு பிளந்து ஆராய்ந்தார்.

பிளந்த மரங்கள் ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் சொல்லின. நிறம் மாறிய பகுதி உட்புறம் தாறுமாறாகப் பரவியிருக்கவில்லை. எல்லை கட்டிய தூண்போல நின்றது. அத்தூணின் குறுக்களவு, காயம் பட்ட காலத்தில் மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ அவ்வளவே. ஒரு மேப்பிள் மரம் கைப்பருமனாக இருந்தபோது காயம் பட்டதாகக் கொள்வோம். அது பெருமரமாக வளர்ந்தபின் அறுத்தாலும், நோய்த் தூண் அந்தப் பழைய கைப்பருமனோடு நின்றிருக்கும். காயத்துக்குப் பின் உருவான ஆண்டு வளையங்கள் பழுதின்றி வெளுத்திருக்கும். மரம் நோயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லை கோலி நிறுத்தியிருக்கிறது.

நோயைச் செய்வது ஒரு பூஞ்சை மட்டுமன்று என்பதும் தெரியவந்தது. காயத்தில் முதலில் குடியேறுபவை பாக்டீரியாக்களும், மரத்தை இறச் செய்யாத சில பூஞ்சைகளுமே. அவை வழியமைத்தபின்னரே, இறச் செய்யும் பூஞ்சைகள் பெரும்பாலும் உள்ளே செல்கின்றன. இந்த வரிசைமுறையை ஷைகோ 1960களிலேயே எழுதினார். ஒரு காயம், ஒரு பூஞ்சை, ஒரு நோய் என்னும் பழைய எளிய கணக்கு இதனால் தளர்ந்தது.

நான்கு மதில்கள்

இவ்வெல்லையை முதலில் கண்டவர் தாம் என்று ஷைகோ உரிமை கொண்டாடவில்லை. மிசிசிப்பிச் சமவெளிக் காடுகளில் தீக்காயம் பட்ட மரங்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஹெப்டிங், காயத்துக்குப் பின் வளர்ந்த மரத்தில் இற்றல் நுழைவதில்லை என்று 1935லேயே பதிவு செய்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்த அக்குறிப்புக்கு ஷைகோவின் மரங்கள் உயிர் கொடுத்தன. 1977இல் ஹெரால்டு மார்க்ஸ் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய சிறு நூலை அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டது. தொழிலாளரும் படித்துணரும் வண்ணம் படங்களுடன் அமைந்த அந்நூலே, ‘மரத்தில் இற்றலை அறைகட்டி அடைத்தல்’ என்று பொருள்படும் கோட்பாட்டை உலகறியச் செய்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது ‘கோடிட்’ என்று வழங்கப்படுகிறது.

அக்கோட்பாட்டின்படி மரம் நான்கு மதில்களைக் கொண்டு நோயை அடைக்கிறது. முதல் மதில், நீரேற்றும் குழாய்களை அடைத்து நோய் மேலும் கீழும் செல்வதைத் தடுப்பது. இது நான்கிலும் வலிமை குறைந்தது. ஆதலால்தான் நோய்த் தூண் நெடுக்கில் நீண்டிருக்கிறது. இரண்டாம் மதில், ஆண்டு வளையத்தின் இறுதியில் உருவாகும் நெருக்கமான உயிரணுக்கள். நோய் மரத்தின் நடுவை நோக்கிச் செல்வதை இவை தடுக்கும். மூன்றாம் மதில், நடுவிலிருந்து ஆரைகள் போல வெளிநோக்கி ஓடும் திசுக்கள். நோய் பக்கவாட்டில் சுற்றி வருவதை இவை தடுக்கும். இம்மூன்றும் காயம் பட்டபோதே மரத்தில் இருந்தவை.

நான்காம் மதில் காயத்துக்குப் பின் கட்டப்படுவது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வளர்திசு, காயம் பட்டதும் ஒரு தனிப்படலத்தை உருவாக்கும். காயத்துக்கு முன்னிருந்த மரம் அதற்கு உட்புறமும், இனி உருவாகும் மரம் அதற்கு வெளிப்புறமும் ஆகும். நோயைத் தடுப்பதில் நான்கினும் வலியது இதுவே. ஆனால் தாங்குதிறனில் அது மெலியது. அப்படலத்தின் வழியே மரம் வளையமாகப் பிரிந்து போவதை மரம் அறுப்போர் அறிவர். அகத்தைப் பகைக்கு விட்டுக்கொடுத்துப் புறத்தைக் காப்பது மரத்தின் முறை.

விலங்கின் உடம்பில் அழிந்த திசு இருந்த இடத்திலேயே புதிய திசு தோன்றுகிறது, அதுவே ஆறுதல். மரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. அழிந்த இடம் அழிந்த இடமே. மரம் அதை அடைத்துவிட்டு, வேறோர் இடத்தில், புதிய வளையமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. வெட்டுவாயை மூடும் விளிம்பு உள்ளே நடப்பதை மறைக்கும் திரை மட்டுமே. மூடியதைக் கண்டு ஆறியது என்று நம்பியதே பழைய பிழை.

மருந்து பகையானது

இக்கண்டுபிடிப்பு பழைய மருத்துவங்களின் மேல் புதிய ஒளியைப் பாய்ச்சியது. பொந்தை நல்ல மரம் தென்படும்வரை செதுக்கியவர்கள், மரம் பல ஆண்டுகள் முயன்று கட்டிய மதிலையே உடைத்தார்கள். அடைபட்டிருந்த நோய்க்குப் புதிய மரத்துக்குள் செல்லும் வாயில் திறந்தது. சிமெண்டு உள்ளே அழகாக நின்றது. அதைச் சுற்றி மரம் இற்றது.

பூச்சுகளை ஷைகோ நேரடியாகச் சோதித்தார். சிவப்பு மேப்பிள், அமெரிக்க எல்ம் ஆகிய மரங்களில் ஒரே வகைக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றில் தார் வகைப் பூச்சு, அரக்கு, வார்னிஷ் முதலியன பூசி, சிலவற்றை வெறுமனே விட்டுவைத்தார். ஐந்தாண்டு முடிவுகள் 1977இலும், 13 ஆண்டுகளின் முடிவுகள் 1983இலும் வெளிவந்தன. எந்தப் பூச்சும் இற்றலைத் தடுக்கவில்லை. விளைவுகள் பூச்சுக்குப் பூச்சு வேறுபட்டதைவிட மரத்துக்கு மரமே வேறுபட்டன. அடைக்கும் திறன் ஒவ்வொரு மரத்துக்கும் பிறவியிலேயே அமைவது என்பதைக் கலப்பினப் பாப்ளர் மரங்களில் செய்த ஆய்வு உணர்த்திற்று. பூச்சுக்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் பரவும் பகுதிகளில், நோயைச் சுமந்து வரும் வண்டுகளை விலக்குவதற்காக வெட்டுவாயில் பூச்சு பூசுமாறு இன்றும் அறிவுறுத்தப்படுகிறது. அது பூச்சியைத் தடுக்கும் முறை. புண்ணை ஆற்றும் முறை அன்று.

சர்க்கரை மேப்பிள் மரங்களின் கதை இன்னும் கூர்மையானது. வசந்தத் தொடக்கத்தில் அம்மரங்களில் துளையிட்டு இனிய சாற்றை வடிப்பர். துளை விரைவில் அடைபடாமல் சாறு நெடுநாள் வடிவதற்காகப் பாராஃபார்மால்டிஹைடு வில்லைகளைத் துளைக்குள் வைக்கும் வழக்கம் தோன்றியது. அத்துளைகளைச் சுற்றி இற்றல் மிகுந்திருப்பதை ஷைகோவும் உடன் ஆய்வாளரும் 1970இல் காட்டினர். நுண்ணுயிரைக் கொல்ல வைத்த வில்லை, மரத்தின் மதில் கட்டும் உயிரணுக்களையும் கொன்றது. துளை அடைபடுதலே மரத்தின் காப்பு. அதைத் தடுத்து மிகுதியாகச் சாறு பெற்றவர்கள் மரத்தை விலையாகக் கொடுத்தார்கள். பின்னாளில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

கிளை அறுக்கும் முறையிலும் மாற்றம் வந்தது. கிளை புறப்படும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்கும் பகுதி அடிமரத்தைச் சேர்ந்தது. கிளை மடிந்தால் அடைப்பதற்கான காப்பு அங்கேதான் அமைகிறது. அடிமரத்தோடு ஒட்ட அறுப்பவர் அக்காப்பையும் சேர்த்து வெட்டியெறிகிறார். அப்புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். கட்டையாக நீட்டி விடவும் கூடாது. ஒட்ட அறுத்த இடத்தில் விளிம்பு விரைந்து திரள்வதைக் கண்டு ‘நன்றாக ஆறுகிறது’ என்று தலைமுறை தலைமுறையாக மகிழ்ந்தவர்களுக்கு, அத்திரட்சி பெருங்காயத்தின் அடையாளம் என்று கேட்பது எளிதாக இருந்திருக்காது.

எதிர்ப்பும் திருத்தமும்

ஒரு தொழிலின் மூன்று அடிப்படை முறைகளும் தவறானவை என்று சொன்னவரை அத்தொழில் உடனே வரவேற்கவில்லை. ஷைகோவும் வாதத்தால் மட்டும் வெல்ல முற்படவில்லை. பிளந்த மரத்தைத் தொழிலாளர்முன் வைத்து, பார்க்கச் சொன்னார். 1985இல் ஓய்வு பெற்ற பின்னர்ப் பல நாடுகளுக்கும் சென்று பயிற்சி அளித்தார். மரத்தின் உயிரியலைப் புதிதாக விளக்கும் நூலை 1986இலும், மரம் பேணும் கலையைப் பற்றிய பெருநூலை 1991இலும் வெளியிட்டார். மரத்தைத் தொட்டுப் பார்த்து அறிய வேண்டும் என்பது அவர் ஓயாமல் கூறிய அறிவுரை. 2006 அக்டோபரில் அவர் மறைந்தபோது, ஒட்ட அறுத்தலும் சிமெண்டு அடைத்தலும் மரத் தொழிலின் பாடங்களிலிருந்து நீங்கியிருந்தன.

அவர் கோட்பாடும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. 1983இல் பிரிட்டனைச் சேர்ந்த லின் பாடியும் ஆலன் ரேனரும் ஒரு மறுப்பை முன்வைத்தனர். உயிருள்ள வெளிமரத்தில் பூஞ்சை பரவாததற்கு அங்கு நிறைந்துள்ள நீரும் காற்றின்மையுமே முதற்காரணம் என்றும், மரம் பகைவனைக் கண்டு மதில் கட்டுகிறது என்று கொள்வதைவிட, நீரோட்டம் அறாமல் காத்துக்கொள்கிறது என்று கொள்வதே பொருந்தும் என்றும் அவர்கள் வாதிட்டனர். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், மரம் எல்லை கோலுவது இற்றலுக்கு எதிராக மட்டுமன்று, காற்று நுழைவு உட்பட எல்லாச் சேதத்துக்கும் எதிராகவே என்று கோட்பாட்டை விரித்தனர். அடைக்கும் திறன் குறைந்த மர வகைகளில் 5 செ.மீ.க்கும், திறன் மிகுந்தவற்றில் 10 செ.மீ.க்கும் மேற்பட்ட பருமனுள்ள கிளைகளை இயன்றவரை அறுக்கலாகாது என்று அவர்கள் வரையறுத்தனர். காரணத்தில் கருத்து வேறுபாடு இருந்தாலும், எல்லை உண்டு என்பதிலும் அதை மனிதன் உடைக்கலாகாது என்பதிலும் இவர்கள் ஒன்றுபட்டனர்.

ஷைகோவின் மரங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள் என்பதையும் மறத்தலாகாது. ஆண்டு வளையம் தெளிவாக அமையாத வெப்பநாட்டு மரங்களுக்கு அவர் அளவுகளை அப்படியே பொருத்திவிட முடியாது. புளியையும் வேம்பையும் ஆலையும் அவ்வவற்றின் இயல்பிலேயே ஆராய்ந்தறிய வேண்டும். ஆனால் அடிப்படை உண்மை எந்நாட்டு மரத்துக்கும் பொதுவானது. மரத்தின் காயத்தை ஆற்றும் மருந்து இல்லை. காயம் செய்யாதிருத்தலும், செய்ய நேர்ந்தால் சிறிதாகவும் உரிய இடத்திலும் செய்தலுமே மனிதனால் ஆவது. ஒவ்வொரு பெருங்காயமும் மரத்தின் உள்ளே ஒரு பகுதியை என்றென்றைக்கும் பயனற்றதாக்குகிறது. அடைக்க அடைக்க, உணவைச் சேமிக்கும் இடம் குறைகிறது. ஒரு நிலையில் மரத்திடம் மதில் கட்டுவதற்கான ஆற்றலும் தீர்ந்துபோகிறது.

பொந்து விழுந்த முதிய மரத்தைக் கண்டால் ‘செத்த மரம்’ என்று கோடரியைத் தூக்குவோரும், ‘நோயுற்ற மரம்’ என்று சுரண்டி அடைக்க முற்படுவோரும் இன்றும் உளர். அதன் அடிமரச் சுற்று வலுவாக உள்ளதா, சாய்ந்து விழும் நிலையில் உள்ளதா என்பதை ஆராய வேண்டியதுதான். ஆனால் பொந்து இருப்பதனாலேயே மரம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. அப்பொந்தின் உட்சுவர், எப்போதோ பட்ட காயத்தை அந்த மரம் நிறுத்திய எல்லை. அதற்கு வெளியே உள்ள ஒவ்வொரு வளையமும் அக்காயத்துக்குப் பின் மரம் வாழ்ந்த ஓர் ஆண்டு.